பெஞ்சில் கிடந்த விண்கலம்

ஊரெல்லாம் சீக்கிரம் முடிவெட்டுகிற கடையைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தெருச் சலூன்காரர் மட்டும் நாளுக்கு நாள் மெதுவாக வெட்டிக்கொண்டே போனார். வயதாகிவிட்டதா என்றால் இல்லை. கை நடுக்கமா, அதுவும் இல்லை. பார்வைக் கோளாறு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்து மாடியில் இருந்த டயாலிசிஸ் சென்டரின் போர்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்த விதிமுறைகளைக்கூட அவர் நின்ற இடத்திலிருந்தே வாசிப்பார். வேண்டுமென்றேதான் மெதுவாக வெட்டினார். நாற்காலியில் இருந்தவரைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் பெஞ்சில் காத்திருந்தவரைப் பற்றி.

பெஞ்சில் ஒரு புத்தகம் கிடந்தது. அதை அவர்கள் படிக்க வேண்டும். படிக்க நேரம் வேண்டும். நேரம் வேண்டுமென்றால் முந்தைய தலை சீக்கிரம் முடியக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

புத்தகத்தின் பெயர் 'கலம் திரும்பும் வழி'. அட்டையில் கறுப்பு வானம், அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு விண்கலம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் படம். எழுதியதும் வரைந்ததும் சலூன்காரரின் தம்பி. இதைப் படக்கதை என்று சொன்னால் "சின்னப் பசங்களுக்கா?" என்று கேட்டார்கள். கிராஃபிக் நாவல் என்று சொன்னால் "அப்படின்னா?" என்றார்கள். "படக்கதைதாங்க" என்று விளக்க வேண்டியிருந்தது. "ஓ, சின்னப் பசங்களுக்கா?" என்று மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். விண்வெளிக்குப் போன கதை வாசல்படியைத் தாண்டவில்லை.

தம்பி அதைப் பதிப்பகங்களுக்கு எடுத்துப் போனான். ஒரு பதிப்பாளர், விண்கலத்தில் ஒரு பெண்ணையும் ஏற்ற முடியுமா என்று விசாரித்தார். இன்னொருவர், கதை நன்றாக இருக்கிறது, படங்களை எடுத்துவிட்டால் போடலாம் என்றார். கடைசியில் தம்பியே அச்சடித்தான். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். 'வாங்கிக்கொண்டார்கள்' என்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். இணையத்தில் விற்ற ஒரே ஒரு பிரதிக்கு ஒரு விமர்சனமும் வந்தது. 'புத்தகம் நசுங்காமல் வந்து சேர்ந்தது. பேக்கிங் அருமை.' தம்பி அதைப் பெரிதாக எழுதி, சலூன் கண்ணாடியின் மூலையில் ஒட்டிவைத்தான். "நம்ம பேக்கிங்கப் பத்தி உலகம் பேச ஆரம்பிச்சிடுச்சுண்ணா" என்றான்.

அவன் வரைந்ததெல்லாம் சலூனில்தான். கூரியர் கிடங்கில் பிற்பகல் ஷிப்ட் வேலை. காலை முழுவதும் அண்ணன் கடையின் மூலையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், தொடையில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு குனிந்திருப்பான். வீட்டில் அவனுக்குக் கை ஓடாது. கடையில் ஆயிரம் பேச்சு நடக்கும், ரேடியோ பாடும், குழந்தைகள் வீறிடும்; அதற்கு நடுவே அவன் பாட்டுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருப்பான். எப்போதாவது நிமிர்ந்து ஏதாவது கேட்பான்.

"முடியே இல்லாத இடத்துல ஏண்ணா வெட்டறே?"

கேள்வி சரிதான். சலூன்காரருக்கு அப்படி ஒரு கைப்பழக்கம். இரண்டு வெட்டு முடியில், ஒரு வெட்டு காற்றில். சீப்பு அடுத்த இடத்துக்கு நகர்கிற நேரத்தில் கத்திரி சும்மா இருக்காமல் வெறுங்காற்றை ஒரு கடி கடிக்கும்.

"கை நிக்கக் கூடாதுடா. நின்னா ஓட்டம் போயிடும்" என்பார்.

"காத்துக்கும் சேத்துக் காசு வாங்கறியா?"

"உன் வாய்க்கு யாராச்சும் காசு குடுத்தா நான் கடையை மூடிடுவேன்."

தம்பியின் தலை ஒரு தனி வழக்கு. இரட்டைச் சுழிக்காரன். இடப்பக்கம் வாரினாலும் வலப்பக்கம் வாரினாலும் உச்சியில் ஒரு கொத்து முடி எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தலையை வெட்டுவதற்கென்று சலூன்காரர் ஒரு முறையே வைத்திருந்தார். முன்னால் நின்றால் சரிப்படாது. பின்னால் நின்று, பிடரியில் கைவைத்து நன்றாகக் குனியவைத்து, மேலிருந்து பார்த்தபடி வெட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்தத் தலையை வேறு யாரும் தொட்டதில்லை.

பிறகு தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை வந்தது. ஏசி, காபி, கழுத்தைப் பிடித்துவிட ஒரு ஆள். சலூன்காரர் பயந்துபோய் ஒரு மெஷின் வாங்கினார். மின்சாரத்தில் ஓடுகிற டிரிம்மர். கத்திரி கட்டிங் ஒன்றுக்கு ஆகிற நேரத்தில் மெஷின் மூன்று தலைகளைத் தள்ளிவிட்டது. கூட்டம் கைவிட்டுப் போகவில்லை. தம்பி மட்டும், மெஷின் வந்த கொஞ்ச நாளில், பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். கடைசி அத்தியாயத்தை அங்கேதான் வரைந்தான். சுலபத்தில் வரவில்லை போலிருக்கிறது. தாடி வளர்ந்தது, தலைமுடி காதை மூடி, பிடரியைத் தாண்டிப் போனது.

"சலூன்காரன் தம்பி மாதிரியாடா இருக்கே? வா, ரெண்டே நிமிஷம்" என்று சலூன்காரர் மெஷினை எடுத்தால், தலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவான்.

"மெஷினுக்கு என் தலையைத் தரமாட்டேன். கத்திரின்னா சொல்லு, உக்கார்றேன்."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் போனப்புறம் வெட்டி விடறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் போனதே இல்லை. மெஷின்தான் வந்துவிட்டதே.

புத்தகம் வந்த வருஷமே தம்பி மஞ்சள் காமாலை என்று படுத்தான். அது வேறு என்னவோவாக மாறி, ஈரலையே அழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம், புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"கடைசிப் பக்கம் பாத்தியாண்ணா?"

"பாத்தேண்டா. ஒண்ணும் புரியல. ஒரே கறுப்பா இருக்கு."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. "புரிஞ்சா சொல்லு."

"நீயே சொல்லித் தொலையேன்."

"சொல்றதுன்னா அப்புறம் எதுக்கு வரையறது?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சைத் தொடர அவகாசம் கிடைக்கவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த புத்தகங்கள் சலூனின் வாஷ்பேசினுக்கு அடியில் வந்து சேர்ந்தன.

சலூன்காரர் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். கதை தெளிவாகவே இருந்தது. ஒரு சரக்கு விண்கலம்; அதில் ஒரே ஒரு மெக்கானிக். கருவிகள் பழுது, வரைபடம் எரிந்துபோயிற்று. காதில் மாட்டிய ரேடியோவில் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. கிச், கிச், கிச். எந்தப் பக்கம் திரும்பினால் அது கூடுகிறதோ அந்தப் பக்கமாகக் கலத்தை ஓட்டுகிறான். வழியில் தூக்கத்தை விலைக்கு விற்கிற கிரகம் வருகிறது. மேகத்தை மடித்து அடுக்குகிறவர்கள் வாழும் நிலா வருகிறது. எதற்கென்றே தெரியாத வரிசையில் மக்கள் நின்று, வரிசையிலேயே கல்யாணம் பண்ணி, வரிசையிலேயே பிள்ளை பெறுகிற கிரகம் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் அந்தக் கிச் கிச் தேய்ந்துபோகிறது. எங்கும் 'உய்ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல். திசை தெரியாமல் கலம் நின்றுவிடுகிறது. பக்கத்தைத் திருப்பினால் முழுக்கக் கறுப்பு. கறுப்புக்குள் நூல் மாதிரி சில வெள்ளைக் கீறல்கள். முடிந்தது புத்தகம்.

செத்துப்போனானா? தூங்கிப்போனானா? அச்சகத்தில் மை கொட்டிவிட்டதா? 'புரிஞ்சா சொல்லு' என்று சொல்லிவிட்டுப் போன தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. யாராவது ஒருவர், படித்தவரோ படிக்காதவரோ, முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகப் படித்துவிட்டு, 'இதுதானப்பா உன் தம்பி சொல்ல வந்தது' என்று சொன்னால் போதும்.

முதலில் வாயால் சிபாரிசு செய்துபார்த்தார். ஷேவிங்கின்போது தொண்டைக் குழியில் கத்தி இருக்கும் சமயமாகப் பார்த்து, "ஒரு நல்ல புத்தகம் இருக்கு, படிக்கிறீங்களா?" என்று கேட்பார். அந்த நிலையில் இலக்கியத்தை எதிர்த்துப் பேசியவர் எவரும் இல்லை. "கண்டிப்பாண்ணே" என்று உதடு அசையாமல் சொல்வார்கள். துண்டை உதறியதும் முடியோடு வாக்குறுதியும் கீழே விழும். அதையும் சேர்த்துப் பெருக்கித் தள்ள வேண்டியிருந்தது.

அடுத்தபடியாக டிவியைக் கழற்றினார். மேட்ச் எங்கே என்று கேட்டவர்களிடம் ரிப்பேர் என்றார். செய்தித்தாளை நிறுத்தினார். சினிமாப் பத்திரிகைகளை எடைக்குப் போட்டார். பெஞ்சில் இப்போது புத்தகமும் சுவரும்தான். கொஞ்சநாள் சுவருக்குத்தான் வாசகர்கள் அதிகம். பிறகு ஒவ்வொருவராகப் புத்தகத்தை எடுத்தார்கள். ஆனால் மெஷின் தலையைத் தள்ளிய வேகத்தில், கலம் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் அவர்கள் முறை வந்துவிடும். புத்தகத்தின் ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முன்பக்கம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அதற்கப்புறம் யாரும் கால்வைக்காத கிரகம் மாதிரி வெள்ளை வெளேரென்று.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் மெஷினை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, கத்திரியை எடுத்தார். கத்திரி என்றால் நேரமாகும். இன்னும் மெதுவாக வெட்டினால் இன்னும் நேரமாகும்.

வீட்டம்மாவுக்கு விஷயம் எட்டியது. "ஒரு தலைக்கு இவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டா, இந்தப் பக்கம் வெட்டி முடிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் வளந்துடும்" என்றாள்.

"வளந்தா மறுபடி வருவாங்க."

"வருவாங்க, தெருமுனைக் கடைக்கு." பிறகு குரலை இறக்கி, "அவன் மேல எனக்கும் பாசம் இருக்குங்க. அதுக்காக ஊரையே கட்டிப்போட்டுப் படிக்கவைக்க முடியுமா?" என்றாள்.

முடியாதுதான். ஆட்கள் குறைந்தார்கள். விடாமல் வந்தவர்களில் ஒருவர் டிரைவிங் ஸ்கூல்காரர். ஊருக்கெல்லாம் 'மெதுவா, மெதுவா' என்று சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவர். தனக்கென்று வரும்போது உலகத்திலேயே அவசரக்காரர்.

"அண்ணே, நான் கல்யாணத்துக்குக் கிளம்பினவன். நீங்க வெட்டற வேகத்தப் பாத்தா அவங்க பிள்ளைய ஸ்கூல்ல சேக்கறப்பத்தான் போய்ச் சேருவேன்."

"அதுவரைக்கும் புத்தகம் பாருங்க."

"பாத்தேன்ணே. அந்த வரிசைக் கிரகம் இருக்கே, சத்தியமா உங்க கடைதான் அது. ஆமா, அதென்ன பக்கத்துக்குப் பக்கம் கிச் கிச்சுன்னு? ராக்கெட்டுக்குள்ள பல்லியா?"

"வீட்டுலேர்ந்து வர்ற சிக்னல்."

"பல்லிதாண்ணே. எனக்குப் பல்லி தெரியாதா?"

இந்த லட்சணத்தில் வாசகர் வட்டம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பௌர்ணமி வந்தார்.

பெயர் டிரைவிங் ஸ்கூல்காரர் வைத்தது. வந்தவருக்கு வழுக்கை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். காதோரம் நாலு வெள்ளை முடி, அவ்வளவுதான். மற்றபடி பளபளவென்று முழு நிலா. சலூன் வாசலில் நின்று, "கொஞ்ச நேரம் உக்காந்துக்கலாமா?" என்று கேட்டார். மனைவிக்கு எதிர் மாடியில் டயாலிசிஸ். ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டுவர வேண்டும். உள்ளே போனால் ரத்தம் சுத்தமாகி வர நாலு மணி நேரம். அங்கே காத்திருக்கும் ஹாலில் உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. "அங்க எல்லார் மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கு. என் மூஞ்சியும்தான்" என்றார்.

அவர் கையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று அவருடையது. பக்கத்திலேயே சின்னதாக, தங்க நிறப் பட்டையோடு, ஒரு பெண்கள் கடிகாரம். உள்ளே போகும்போது மனைவி கழற்றிக் கொடுப்பாளாம். "பையில போட்டா தொலைச்சிடுவேன்னு பயம் அவளுக்கு. கையில கட்டிக்கோன்னுட்டா." வெளியே வந்ததும் திரும்ப அவள் கையில் கட்டிவிடுவாராம்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தார். சலூன்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். முறை வந்துவிடுமே என்ற பயமில்லாத முதல் வாசகர். நாலு மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள். சலூன்காரருக்குக் கை பரபரத்தது. நாற்காலியில் இருந்தவரின் காது தப்பியது பெரிய விஷயம்.

ஆனால் பௌர்ணமி, சலூன்காரரையே தோற்கடிக்கிற மெதுவானவராக இருந்தார். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் புரட்ட மாட்டார். படித்ததையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். படத்தின் மூலையில் கிடக்கிற திருகாணியைக்கூட விடமாட்டார்.

"ஏம்பா, இந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் மூணு மூணாத்தான் வருது. கவனிச்சியா? அதுல மூணாவது கிச் மட்டும் எழுத்துக்குள்ள மை இல்லாம வெறும் கோடா இருக்கு. ஏன்?"

"மை தீந்திருக்கும் சார்."

"பக்கத்துக்குப் பக்கமா தீரும்?"

"வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிங்க சார். என்கிட்ட பெட்டி நிறைய இருக்கு" என்று சலூன்காரர் மெல்லத் தள்ளிப்பார்த்தார்.

"வேண்டாம்பா. சீக்கிரம் முடிஞ்சிடும். முடிஞ்சிட்டா இந்த பெஞ்சுல உக்காந்து நான் என்ன யோசிப்பேன்னு எனக்குத் தெரியும்."

அதற்குமேல் அவசரப்படுத்த சலூன்காரருக்கு மனம் வரவில்லை. அதே சமயம் அவசரமும் குறையவில்லை. புத்தகத்தின் ஓரத்தில் அழுக்குக் கோடு ஒவ்வொரு அத்தியாயமாக உள்ளே நகர்வதைச் சாயங்காலங்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வார். இடையில் ஒருநாள் பௌர்ணமி முகம் மலர்ந்து வந்தார். மனைவியின் அக்கா சிறுநீரகம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "எல்லாம் பொருந்தி வந்துட்டா இந்தப் பக்கமே வரவேண்டியிருக்காதுப்பா."

சலூன்காரருக்கு நெஞ்சில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. 'ஐயோ, இன்னும் பாதிப் புத்தகம் இருக்கே' என்றுதான் வந்தது. முகம் சிரித்துவிட்டது, "ரொம்ப நல்ல சேதி சார்" என்று வாயும் சொல்லிவிட்டது. பௌர்ணமி போனபிறகு, தன் முகத்தையே கண்ணாடியில் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சலூன்காரனாக இருந்துகொண்டு கண்ணாடியைத் தவிர்ப்பது லேசான காரியம் இல்லை. அன்று முழுக்கத் தரையைப் பார்த்தே வெட்டினார்.

அக்காவின் சிறுநீரகம் பொருந்தவில்லை. பௌர்ணமி தொடர்ந்து வந்தார். கடைசி அத்தியாயத்துக்கு முந்தியதை முடித்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எதிர் மாடியிலிருந்து மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப்போனார். வாசலில் நின்று அவள் கையில் அந்தச் சின்னக் கடிகாரத்தைக் கட்டிவிட்டதைச் சலூன்காரர் இங்கிருந்தே பார்த்தார். கொக்கி மாட்ட அவருக்கு எப்போதும்போல நேரமானது. அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த முறை அவர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. விசாரிக்க ஒரே ஒரு தெருவைத்தான் தாண்ட வேண்டும், சலூன்காரர் தாண்டவில்லை. டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் வராமல் போனால் அதற்குக் காரணம் இரண்டுதான் இருக்க முடியும், அதில் நல்ல காரணம் ஏற்கெனவே பொருந்தாமல் போய்விட்டது.

பெஞ்சில் புத்தகம் கிடந்தது. அழுக்குக் கோடு கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது. சலூன்காரர் யாரிடமும் அதைப் படிக்கச் சொல்வதை விட்டுவிட்டார். மெதுவாக வெட்டுவது மட்டும் பழகிப்போய்விட்டதால் விடவில்லை.

பல வாரங்கள் கழிந்து ஒரு காலையில், டிரைவிங் ஸ்கூல்காரரின் தலையில் பாதி முடிந்திருந்தபோது, பௌர்ணமி வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். கையில் இரண்டு கடிகாரங்களும் இருந்தன. சின்னது நின்றுபோயிருந்தது.

சலூன்காரர் சீப்பைத் தண்ணீரில் நனைத்தார். நனைந்த சீப்பை மறுபடி நனைத்தார்.

"போயிட்டாப்பா" என்றார் பௌர்ணமி. "கஷ்டப்படல. தூக்கத்துலயே." பிறகு பெஞ்சைப் பார்த்து, "ஒரு அத்தியாயம் பாக்கி இருந்துச்சில்ல?" என்றார்.

உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். வெளியே வண்டிகள் போயின. கடைக்குள் கத்திரிச் சத்தம் மட்டும். பௌர்ணமி ஒரு பக்கம் புரட்டினார், நின்றார், முந்தின பக்கத்துக்குப் போனார். தலையை நிமிர்த்தினார்.

"கத்திரியைக் கொஞ்சம் நிறுத்துப்பா."

நிறுத்தினார்.

"இப்ப ஓட்டு."

ஓட்டினார்.

"நிறுத்து... ஓட்டு." பௌர்ணமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ரெண்டு முடியில. மூணாவது?"

"மூணாவது சும்மா சார். காத்துல. கைப்பழக்கம்."

பௌர்ணமி எழுந்து வந்து புத்தகத்தைக் கண்ணாடி முன் பலகையில் விரித்துவைத்தார். கிச், கிச் என்று இரண்டு, மை நிரம்பிக் கறுப்பாக. பக்கத்தில் மூன்றாவது, உள்ளே வெள்ளையாக, வெறும் கோட்டில்.

"பல்லி இல்லையா?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"பல்லி இல்லப்பா. இவன் கத்திரி. இந்தச் சத்தத்தைப் பிடிச்சிக்கிட்டுத்தான் அந்தப் பையன் வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கான்." பௌர்ணமி அடுத்த பக்கத்தைக் காட்டினார். "இங்க பாரு, இங்கதான் அது போயிடுது. இந்த உய்ங்குனு ஒண்ணு வருதே, அது என்னன்னுதான் எனக்குப் பிடிபடல."

சலூன்காரருக்குப் பிடிபட்டுவிட்டது. பூட்டிய டிராயரில் அந்த மெஷின் ஒயரைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதே கறுப்பு. அதே வெள்ளைக் கீறல்கள். இத்தனை நாள் மடியில் வைத்துப் பார்த்த பக்கத்தை இன்று நின்றுகொண்டு, கையில் சீப்போடு, மேலிருந்து குனிந்து பார்த்தார். வேலை செய்யும்போது பார்க்கிற மாதிரி. கீறல்கள் வளைந்தன. ஓரிடத்திலிருந்து வட்டமாகக் கிளம்பி இந்தப் பக்கம் போயின. இன்னோர் இடத்திலிருந்து கிளம்பி அந்தப் பக்கம் போயின. இரண்டும் மோதுகிற இடத்தில் ஒரு கொத்து தனியே தூக்கிக்கொண்டு நின்றது.

இரட்டைச் சுழி.

பக்கம் முழுக்க ஒரு தலை. நன்றாகக் குனிந்த தலை. பிடரி தாண்டி வளர்ந்த முடி. பின்னால் நிற்கிற ஒருவனுக்கு மட்டும் தெரிகிற விதத்தில் வரைந்திருந்தான். ஊரில் ஒருவருக்கும் புரியாததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இந்தத் தலையை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்த ஆள் ஒருத்தர்தான். அவரோ அதைப் பெஞ்சில் போட்டு, டிவியைக் கழற்றி, பேப்பரை நிறுத்தி, ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கலம் வீடு வந்து சேர்ந்துதான் இருந்தது. வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போகட்டும் என்று.

"புரிஞ்சிடுச்சுடா" என்றார் சலூன்காரர்.

"என்னண்ணே புரிஞ்சுது?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

அது அவருக்குச் சொன்னது இல்லை. சொல்ல வேண்டியவன் கேட்கிற தூரத்தில் இல்லை. சலூன்காரர் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை அந்தப் படத்துப் பிடரியில், வழக்கமாக வைக்கிற இடத்தில் இருந்தது. பிறகு கையை எடுத்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாதித் தலையை வெட்டி முடித்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்க்காமலே எழுந்தார். கிளம்பும்போது, "நான் ஒரு பிரதி எடுத்துக்கட்டுமாண்ணே?" என்று கேட்டார். சலூன்காரர் வாஷ்பேசினுக்கு அடியைக் காட்டினார்.

நாற்காலி காலியானது. பௌர்ணமி அதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் வெட்டி விடறியா?"

சலூன்காரர் அந்தத் தலையைப் பார்த்தார். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

"உக்காருங்க சார்."

துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சிட்டு, பின்னால் போய் நின்றார். பௌர்ணமி தானாகவே தலையைக் குனிந்துகொண்டார். போர்வைக்குள் ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைத் தேடிப் போவது தெரிந்தது. காதோரம் இருந்த நாலு முடி நாலு வெட்டில் தீர்ந்துபோனது. சலூன்காரர் நிறுத்தவில்லை. சீப்பை இல்லாத முடிக்குள் ஓட்டி, நகர்த்தி, கத்திரியை அதன் பின்னாலேயே நடத்திக்கொண்டு போனார். கிச், கிச், கிச். இப்போது மூன்றுமே காற்றில்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் பௌர்ணமி, நிமிராமல்.

"அவசரமில்ல சார்" என்றார் சலூன்காரர்.